பிறர் குறை எழுதுவோர்

கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ நாவலப்பிட்டியிலோ தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால், மறுநாட் காலையிற் பத்திரிகை வாயிலாக நாம் அதனை அறிகின்றோம். அச்செய்தியை எழுதியனுப்பிய நிருபருக்கும் ஒரு சங்கம் உண்டோவென நேயர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

இலங்கையின் முதலாவது தொழிற்சங்கம் அச்சகத்திலே பிறந்தது என்பதை மாணவர் பலர் அறியார். 1893ஆம் ஆண்டிற் கொழும்பு கேவ் கம்பெனியின் அச்சுத் தொழிலாளர், உரிய காலத்திற் சம்பளம் கிடையாமையால் வேலையை நிறுத்தினர், சங்கமும் கண்டனர். போராட்டம் வெற்றி பெறவில்லை. சங்கமும் நெடுநாள் நிலைக்கவில்லை. மலைநாட்டிலே தொழிற்சங்கத்தை வேரூன்றச் செய்தவரும் ஒரு பத்திராதிபரே. 1924இல் "தேசபக்தன்" பத்திரிகையைத் தொடங்கிய கோ. நடேசையர், 1931இல் அட்டன் நகரிலே தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார்.

இத்தகைய பரம்பரையில் வந்த கண்டிப் பகுதி நிருபரின் நிலை யாது? வெளியூர் நிருபர் பலருக்கு மாதச் சம்பளம் என்பதே இல்லை. அச்சேறிய செய்திக்கு மாத்திரமே கூலி. பஸ் கட்டணமும் தொலைபேசிச் செலவும் பெரும்பாலும் அவர் தலையிலேயே விழும். பக்கங்கள் குறையுங்கால் அவர் வருவாயுங் குறையும். 2022 மார்ச்சிற் காகிதத் தட்டுப்பாட்டினால் "தி ஐலண்ட்", "திவயின" ஆகியவற்றின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சாகாது நின்றமை நினைவிருக்கலாம்.

சட்டம் இவர்களுக்குக் கதவடைக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி எழுவர் கூடினாற் சங்கத்தைப் பதிவு செய்யலாம். கைத்தொழிற் பிணக்குச் சட்டமோ, எழுத்திலன்றி வாய்மொழியாக உடன்பட்டுத் தாமே வேலை செய்து கொடுப்போரையுந் தொழிலாளர் எனக் கொள்கின்றது. 1999ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, தொழிலாளருள் நூற்றுக்கு 40 பேர் அங்கத்தவராயின் அச்சங்கத்துடன் பேச முதலாளி மறுத்தலாகாது.

எனினும் அந்த எழுவர் கூடுவது எங்ஙனம்? ஊருக்கு ஒருவராய்ச் சிதறிக் கிடக்கும் இவர்கள், ஒரே பக்கத்தின் இடத்துக்காகத் தம்முட் போட்டியிடுவோருமாவர். காரியாலயத்தில் எஞ்சியுள்ள நிரந்தர ஊழியரோ, அடுத்த ஆட்குறைப்பு யாரைத் தொடுமோவென அஞ்சி வாளாவிருக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரே சங்கத்திற் சேராதவரை, நிரந்தர ஊழியர் குறையக் குறையச் சங்கத்தின் பலமுந் தேயும் என்பதே எமது கருத்து. கொழும்பிலே அங்கத்தவர் பட்டியல் எழுதுவோர், நாவலப்பிட்டி நிருபரின் பெயரையும் இவ்வாண்டே எழுதிக்கொள்ளலாமே!