பாண்டிக்குப் போன கோப்பும் பாழாய்ப் போன மைதானமும்

எங்கள் பிள்ளைகள் யார் குடியைக் கெடுத்தார்கள்? நண்டலாற்றுக்குத் தெற்கே, வாஞ்சூருக்கு வடக்கே, காரைக்காலில் பிறந்ததுதான் அவர்கள் செய்த குற்றம் என்றால், அதையாவது வாய்விட்டுச் சொல்லித் தொலையுங்கள். ஓடாதே, குதிக்காதே, பந்தைத் தொடாதே, கைப்பேசியை நோண்டிக்கொண்டு திண்ணையில் கிட என்று நாங்களே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வருஷா வருஷம் ஆகஸ்ட் 29ஆம் தேதி, தயான்சந்த் பிறந்தநாள் வந்ததும் அவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, உடலைப் பேணுவோம் என்று உறுதிமொழி மட்டும் எடுக்க வைக்காதீர்கள். எங்கே போய்ப் பேணுவது?

நான் கபடி ஆடியவள். என் மகளும் ஆடுகிறாள், நான் ஆடிய அதே மைதானத்தில். என் காலத்தில் மயிரிழையாக விரிசல் விட்டிருந்த காலரிப் படிகள் இன்றைக்குக் கம்பியைத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கடல் காற்று இந்த ஊரில் இரும்பைச் சும்மா விடாது. சிமெண்டுக்குள் உப்பு இறங்கி, உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, மேல்பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். காரைக்காலில் வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் அவரவர் வீட்டுக்கு அவரவர் வருஷம் தவறாமல் சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்கிறார்கள். மைதானத்துக்கு அடிக்க யாரும் இல்லை. விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. கழிப்பறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஐப்பசி பிறந்தால் அங்கே தண்ணீர் நிற்கும். இது டெல்டாவின் களிமண், நீரைச் சுலபத்தில் உள்ளே இறக்காது. ஓரமாக ஒரு வடிகால் இருந்தது, அது தூர்ந்து போயிற்று. மழை ஓய்ந்து, பொங்கல் கழிந்து, மாசியில்தான் தரை கண்ணில் படும். அப்புறம் வெயில் ஏற ஏற வெடிப்பு. சித்திரையில் கணுக்கால் இறங்குகிற அளவுக்கு வெடிப்பு. நடுவில் ஆடத் தோதாகக் கிடைக்கிற சில வாரங்களில் பார்த்து யாராவது பொருட்காட்சி போடுவார்கள், ராட்டினம் வரும், கட்சிக் கூட்டம் வரும். வாடகை யார் கணக்கில் சேர்கிறதோ, லாரிச் சக்கரம் பதிந்த பள்ளமும் பந்தல் முளை பிடுங்கிய குழியும் எங்கள் கணக்கில் சேர்கின்றன.

பாட்டிலைப் பற்றிச் சொல்லாமல் போனால் காரைக்காலைப் பற்றிச் சொன்னதாக ஆகாது. தமிழ்நாட்டை விட இங்கே சரக்கு மலிவு. எல்லை தாண்டி வருகிறவனும் உள்ளூர்க்காரனும் வாங்கிக்கொண்டு உட்கார இருட்டான, கேட்பாரில்லாத, காற்றோட்டமான இடம் தேடுகிறான். விளக்கில்லாத மைதானத்தை விடத் தோதான இடம் அவனுக்கு எங்கே கிடைக்கும்? காலையில் எங்கள் பெண்களுக்கு முதல் பயிற்சி கண்ணாடி பொறுக்குவது. மண்ணில் கபடி வெறுங்காலில் ஆடுவது என்பதை, மைதானத்தை மேசையில் வரைபடமாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு நினைவுபடுத்துகிறேன். ஒரு பெண் ரெய்டு போய்த் திரும்பும்போது உள்ளங்காலில் சில்லு ஏறி, ரத்தம் சொட்டச் சொட்டக் கோட்டைத் தொட்டு, "அக்கா, பாயிண்ட் உண்டுதானே?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல? கலால் வரி இந்த அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. அந்த வருமானத்தின் சில்லு எங்கள் பிள்ளை காலில்.

மாலையில் பையன்களாவது கடற்கரைக்குப் போய் ஈர மணலில் பந்து உதைக்கிறார்கள். பெண்பிள்ளை எங்கே போவாள்? பொழுது சாய்ந்தபின் ஒரு பெண் இருட்டு மைதானத்தில் நின்றால் ஊர் அவளைத்தான் கேள்வி கேட்கும். மாதவிடாய் நாளில் துணி மாற்ற ஒரு மறைவு கிடையாது. பத்தாம் வகுப்பு வந்ததும் ஒவ்வொருத்தியாக நின்றுவிடுகிறார்கள். பெண்களுக்கு ஆர்வம் குறைவு என்று அதற்கு ஒரு காரணமும் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பூட்டிய கழிப்பறைக்கு முன்னால் ஆர்வம் எத்தனை வருஷம் நிற்கும்?

அப்படியும் மிஞ்சுகிறவர்கள் அணித் தேர்வுக்குப் பாண்டிக்கு, அதாவது புதுச்சேரிக்குப் போக வேண்டும். சுமார் 130 கிலோமீட்டர். விடியுமுன் பேருந்து ஏறி, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று இன்னொரு மாநிலத்தைக் கடந்து, எங்கள் தலைநகர் என்று சொல்லப்படுகிற ஊரில் போய் இறங்க வேண்டும். அங்கே கபடி மேட் என்கிற விரிப்பில். ஷூ போட்டு ஆட வேண்டும். மண்ணில் கால்விரலை ஊன்றி உந்திப் பழகியவள், இரவல் ஷூவில், வழுக்காத ரப்பர் விரிப்பில் முதன்முறையாக நின்றால் என்ன ஆகும்? திரும்பும் இடத்தில் ஷூ பிடித்துக்கொள்ளும், உடம்பு போய்விடும், முழங்கால் திருகும். என் மகளுக்கு அதுதான் ஆயிற்று. "காரைக்கால் பிள்ளைகளுக்கு டெக்னிக் பத்தாது" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். அந்த மேட்டின் அளவு பெண்களுக்குப் பன்னிரண்டுக்கு எட்டு மீட்டர், ஐயா. ஒரு சின்னக் கல்யாண மண்டபத்து மேடை அளவு. அதைக்கூட ஒரு மாவட்டத்துப் பெண்கள் தினம் மிதித்துப் பழகும்படி விரித்துப் போட முடியவில்லை, ஆனால் குறை எங்கள் டெக்னிக்கில்!

சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை நாடே கொண்டாடியது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத்தலைவி அவள். நகரத்தைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம் கண்ணகி நகர். அங்கே அவளுக்கு ஆட ஒரு திடல் இருந்தது, தினமும் வந்து நிற்கும் ஒரு பயிற்சியாளர் இருந்தார். தொலைக்காட்சியில் அவளைப் பார்த்து நானும் கைதட்டினேன். தட்டி முடித்ததும் வயிற்றெரிச்சல் வந்தது. அவள் மீது இல்லை, அந்தத் தாயி நன்றாக இருக்க வேண்டும். எங்கள் கார்த்திகாக்கள் எத்தனை பேரைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்ற எரிச்சல்.

கேட்காமல் இருந்தோமா? ஓர் அலுவலகத்தில் போய் மனுக் கொடுத்தால், "இடம்தாம்மா நம்மளோடது, பராமரிப்பு அவங்க" என்றார்கள். அவர்களிடம் போனால், "கட்டடம் வேற டிபார்ட்மெண்ட், விளக்கு வேற டிபார்ட்மெண்ட்" என்றார்கள். விளக்குக்காரர் பணம் கட்டினால் இணைப்புத் தருகிறேன் என்றார். பணம் கட்ட வேண்டியவர், "எஸ்டிமேட் போட்டாச்சு, கோப்பு பாண்டிக்குப் போயிருக்கு" என்றார். காரைக்காலில் பிறந்த எல்லோருக்கும் தாலாட்டுக்கு அடுத்தபடியாகக் காதில் விழுந்த வாக்கியம் இதுதான். போன கோப்பு திரும்பி வந்தால் அதில் ஒரு கேள்வி இருக்கும். அதற்குப் பதில் எழுதினால் நிதியாண்டு முடிந்திருக்கும். புது ஆண்டுக்குப் புது விலை, புது எஸ்டிமேட், மறுபடி பாண்டி.

இத்தனைக்கும் சட்டப்படி இதற்கு ஒரு முகவரி உண்டு. பூங்காவும் தோட்டமும் விளையாட்டுத் திடலும் நகராட்சியிடம் ஒப்படைக்கத்தக்க பணிகள் என்று அரசியல் சாசனத்தின் பன்னிரண்டாவது அட்டவணை எழுதி வைத்திருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்தது அது. சரி, நகராட்சியில் யாரைக் கேட்பது? காரைக்கால் நகராட்சிக்கு 18 வார்டுகள். உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்தது எப்போது நடந்தது தெரியுமா? 2006இல். முப்பத்தெட்டு வருஷம் கழித்து. அந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்கப்புறம் தேர்தலே இல்லை. 2021இல் தேதியெல்லாம் அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டுச் சிக்கல், வழக்கு, ஒத்திவைப்பு. அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரன் 1880இல் ஓர் ஆணை போட்டு, காரைக்கால் உள்ளிட்ட கொம்யூன் எனும் உள்ளாட்சிப் பிரிவுகளுக்கு மன்றம் வைத்தான். அந்தத் தேர்தல்களில் அடிதடியும் பித்தலாட்டமும் ஏராளம், அதை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்நியன் ஆண்டபோது, திருட்டு ஓட்டில் வந்தவனானாலும், வீட்டு வாசலில் போய்ச் சட்டையைப் பிடிக்க ஒரு மேர், மன்றத் தலைவன், இருந்தான். சுதந்திர நாட்டில் எனக்கு அதுவும் இல்லை. என் மகளுக்கு ஓட்டுரிமை வரும் வயது நெருங்குகிறது, இதுவரை அவள் வாழ்நாளில் எங்கள் வார்டுக்கு ஒரு தேர்தல் நடந்து அவள் பார்த்ததில்லை. சட்டமன்றம் இருக்கிறதே என்பீர்கள். தேர்ந்தெடுக்கப்படும் முப்பது இடங்களில் எங்களுக்கு ஐந்து. ஐந்து பேர் சேர்ந்து குரல் கொடுத்தாலும் மீதி இருபத்தைந்து பேர் காதைப் பொத்திக்கொண்டால் முடிந்தது. தெருமுனைத் திடலின் சாக்கடைக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருப்பதே கேவலம்.

நிதி இல்லையாம். புதுச்சேரி மாநிலமும் இல்லை, முழுக்க மத்திய அரசின் பிரதேசமும் இல்லை. மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கிற நிதிக் குழுவின் வரம்புக்குள் அது வராது என்பது பழைய புலம்பல், நியாயமான புலம்பலும்கூட. ஆனால் வருகிற பணம் எங்கே இறங்குகிறது? 2017இல் ஸ்மார்ட் சிட்டி வந்தது, புதுச்சேரி நகரத்துக்கு. ஓடுதளம் போட்ட இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருப்பது புதுச்சேரி உப்பளத்தில். ராஜீவ் காந்தி விளையாட்டுப் பள்ளி இருப்பதும் அங்கேதான். 2018இல் புதுச்சேரி கிரிக்கெட் அணி ரஞ்சிக் கோப்பையில் ஆட ஆரம்பித்தபோது இங்கேயும் பட்டாசு வெடித்தோம். ஆடும் களம் பாண்டிப் பக்கத்துத் துத்திப்பட்டில். எங்கள் பங்கு பட்டாசு மட்டும்.

இந்தப் பக்கம் நாகூர், அந்தப் பக்கம் தரங்கம்பாடி. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றுக்கும் மூன்று கோடி என்று 2022இல் தமிழ்நாடு அறிவித்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான் பெட்டி என்றது. அறிவித்ததெல்லாம் அங்கே கட்டி முடிந்துவிடவில்லை, தெரியும். அங்கேயும் பூட்டிய கட்டடங்கள் உண்டு. ஆனால் கேட்டால் பதில் சொல்ல, திட்ட ஒதுக்கீட்டைச் சொல்ல, மாவட்ட விளையாட்டு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். எல்லைக்கு அப்பால் என் நாத்தனார் மகள் ஊராட்சியின் வாலிபால் நெட்டைக் கட்டிக்கொண்டு ஆடுகிறாள். இங்கே என் மகள் மீன்வலைக் கிழிசலைக் கட்டி ஆடுகிறாள். இரண்டு வீட்டிலும் பேசுவது ஒரே தமிழ், வைப்பது ஒரே மீன் குழம்பு.

வேலையே நடக்காத ஊர் என்றும் சொல்ல முடியாது. இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சி வருகிறது. 2023 டிசம்பர் 20ஆம் தேதியும் வந்தது. அப்போது பார்க்க வேண்டும். சாலை பளபளக்கும், விளக்கு எரியும், நடமாடும் கழிப்பறைகள் வரிசையில் நிற்கும், காலியிடமெல்லாம் வாகனம் நிறுத்தச் சமன்செய்யப்படும். எந்த அதிகாரியும் கோப்பு பாண்டியில் இருக்கிறது என்று சொன்னதில்லை. நானும் எள் விளக்குப் போடுகிறவள்தான், பகவானோடு எனக்குப் பகை கிடையாது. எங்கள் மைதானத்துக்கு எந்தக் கிரகம் பெயர வேண்டும் என்று மட்டும் தெரிந்தால் அதற்கும் ஒரு விளக்கு ஏற்றிவிடுவேன்.

சர்வதேசத் தரத்தில் அரங்கம் என்று தயவுசெய்து மறுபடியும் ஆரம்பிக்காதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே அடிக்கல்லும் சால்வையும்தான் கண்ணில் தெரிகின்றன. செயற்கை ஓடுதளம் போட்டால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மேற்பரப்பை மாற்ற வேண்டும். பல்பு மாற்ற ஆளில்லாத இடத்தில் அதை யார் மாற்றுவது? முதலில் வடிகாலைத் தோண்டுங்கள். தண்ணீர் ஓரத்துக்கு ஓடும்படி நடுவை உயர்த்தி, களிமண்ணின் மேல் மணலும் செம்மண்ணும் கலந்து பரப்பி உருளை ஓட்டுங்கள். காலரியை இடித்துவிடுங்கள், யார் தலையிலாவது விழுவதற்குள். நாலு கம்பத்தில் விளக்கு. பெண்களுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறை, உடை மாற்ற ஓர் அறை. ஒரு செட் கபடி மேட், அதை மழையில் நனையாமல் அடுக்க ஒரு கூரை. இரவுக் காவலுக்கு ஒருவர், கௌரவச் சம்பளத்துக்கு இல்லாமல் உண்மையான சம்பளத்துக்கு. ராட்டினக்காரரிடம் வாடகை வாங்கினால் அந்தப் பணம் அந்த மண்ணுக்கே செலவாகட்டும். முளை அடித்த குழியை மூடாமல் போனால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இதில் எதற்குத் தில்லி அனுமதி வேண்டும்?

எல்லாவற்றுக்கும் முன்னால் மைதானத்து வாசலில் ஒரு பலகை வையுங்கள். அமைச்சர் படம் வேண்டாம். இந்த மைதானத்துக்குப் பொறுப்பு இன்னார், இவரது தொலைபேசி எண் இது, இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை இவ்வளவு, செலவழித்தது இவ்வளவு என்று நாலு வரி. வார்டுத் தேர்தலை நடத்தினால் ஐந்தாவது வரியில் எங்கள் உறுப்பினர் பெயரையும் எழுதிக்கொள்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் வையுங்கள். தண்ணீர் தேங்கிய அன்றைக்கு முதல் ஃபோன் என்னிடமிருந்து வரும்.