ஒரு ஸ்டார் வேண்டாம், ஒரு எஃப்.ஐ.ஆர் வேண்டும்

பஸ் ஸ்டாப் பேக்கரியைப் பற்றி ஊர்த்தெருவில் கேட்டால் டீ நன்றாக இருக்கும், பப்ஸ் சூடாக இருக்கும், தேங்காய் பன் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும் என்பார்கள். அதே கடையைப் பற்றிச் சேரியில் ஒரு பெரியவரிடம் கேளுங்கள். டீயின் ருசிக்கு அவர் வரவே மாட்டார். எதில் கொடுத்தார்கள், எங்கே நிற்க வைத்தார்கள், மீதிச் சில்லறையைக் கையில் கொடுத்தார்களா மேசையில் போட்டார்களா, பேரன் வயதுப் பையன் ‘வா, போ’ என்று பேசினானா என்பதைத்தான் சொல்வார். அதே பாய்லர், அதே பால், அதே விலை. அனுபவம் மட்டும் இரண்டு.

கல்லூரி விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் பிள்ளைகளும் இதைச் சந்திக்கிறார்கள். பலர் செய்வது ஒன்றுதான்: மேப்பில் அந்தக் கடைக்கு ஒரு ஸ்டார் போட்டு, ‘சர்வீஸ் மோசம்’ என்று எழுதிவிட்டு, அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். தோழர்களே, கோபம் சரி. அதற்கு வைத்த பெயர்தான் தவறு. ஆறிப்போன பப்ஸைக் கொடுத்தால் அது மோசமான சர்வீஸ். ஆளின் சாதியைப் பார்த்துக் குவளையை மாற்றினால் அது குற்றம். குற்றத்துக்கு ரிவ்யூ எழுதக் கூடாது. புகார் எழுத வேண்டும்.

‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்பவர்களுக்குச் சில தேதிகளைச் சொல்வோம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி விற்க மறுத்தார் கடைக்காரர். காணொளி பரவிய பிறகு கைது நடந்தது, கடைக்கு சீல் வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை விசாரிக்கப் போன இடத்தில்தான், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் தோட்ட வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றியதாக மாமியாரும் மருமகளும் கைதானார்கள். இவை வெளியே வந்த சம்பவங்கள். காணொளி எடுக்க ஆளில்லாத ஊர்கள் எத்தனை?

இரட்டைக் குவளைக்கு எதிராக முகவை மண்ணில் மக்களைத் திரட்டிய இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டார். அதே 1957-இல்தான் சென்னை திருவல்லிக்கேணியில் ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டிய முரளி கஃபே முன்பு பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். அந்தப் பலகை இறங்கியது. ஊர் டீக்கடையில் பலகையே கிடையாது. எழுதாத பலகையை எப்படி இறக்குவது? இதுதான் நம் தலைமுறைக்கு முன்னால் இருக்கும் கேள்வி.

அந்த எழுதாத பலகைக்கு இன்றைய வடிவம் பேப்பர் கப். முன்பு தனிக் குவளை கடையோரம் ஆணியில் தொங்கும். குடித்தவரே கழுவி மாட்ட வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும், அதிகாரி வந்தால் மாட்டிக்கொள்ளும். பேப்பர் கப்பில் அந்தத் தொல்லை இல்லை. குடித்து முடித்ததும் ஆதாரமும் குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகிறது. கேட்டால் ‘சுத்தம்’ என்பார்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். சட்டத்தை மீறி வாங்கி அடுக்கி வைக்கும் அளவுக்கு அது யாருக்குத் தேவைப்படுகிறது?

எல்லாருக்கும் பேப்பர் கப் கொடுக்கும் கடையோடு சாதிச் சண்டைக்கு நாம் போகவில்லை. கண்ணாடி கிளாஸும் பேப்பர் கப்பும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வந்தவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே யாருக்கு எது என்று டீ மாஸ்டரின் கை முடிவு செய்துவிடுகிறது. அந்தக் கடையைத்தான் சொல்கிறோம். புதுமுகமாக இருந்தால் கை கொஞ்சம் தயங்கும். ‘தம்பி எந்த ஊரு? எந்தத் தெரு?’ என்ற விசாரணை வரும். பதிலுக்குப் பிறகு கை நகரும்.

‘என் கடை, என் இஷ்டம்’ என்பது அடுத்த வாதம். அரசமைப்புச் சட்டம் இதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15(2) கடைகளையும் உணவகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, உணவகத்தில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தால் தண்டனை என்கிறது. 6ஆவது பிரிவை ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மற்றவர்களுக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்க மறுப்பது குற்றம். ‘வெளியே நில்லுங்க, கொண்டு வந்து தர்றேன்’ என்ற பசப்பு வார்த்தை இந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. அது 12ஆவது பிரிவு.

இதைவிடக் கூர்மையானது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தம், கடைக்குள் நுழைவதையும் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பதை வன்கொடுமைப் பட்டியலில் சேர்த்தது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. முன்ஜாமீன் கிடையாது என்கிறது 18ஆவது பிரிவு. இவ்வளவு இருக்கும்போது ஒரு ஸ்டார் எதற்கு?

‘பிடிக்கலைன்னா நீங்களே ஒரு கடை போடுங்க’ என்பவர்களும் உண்டு. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க ஒரு தலித் பெண் வந்தபோது என்ன நடந்தது? அவர் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே வந்து நின்றார்கள். அரசாங்க அடுப்புக்கே அந்தக் கதி. நம் பணத்தைக் கல்லாவில் போட ஒருவருக்கும் தயக்கம் இல்லை. நாம் குடித்த கிளாஸைக் கழுவத்தான் தயக்கம். நாம் சமைத்ததைத் தொடத்தான் தயக்கம். ஜிபேயில் பணம் வாங்கினால் கைபடாமல் வருகிறது என்று மகிழ்ச்சி வேறு.

சரி, என்ன செய்வது?

முதலில் தெருவில் பேசுங்கள். புகார் கொடுத்துவிட்டு நீங்கள் ஹாஸ்டலுக்குப் போய்விடுவீர்கள். மறுநாள் அதே ஊரில் கூலி வேலைக்குப் போக வேண்டியவர் உங்கள் அம்மா. வேலை தர மாட்டோம், பால் ஊற்ற மாட்டோம் என்று மிரட்டல் வரலாம். அந்தச் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே சட்டத்தில் தனிக் குற்றம் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். தெரு முழுக்கத் துணை நின்றால் மிரட்டல் பாதி அடங்கும்.

தனியாகப் போகாதீர்கள். நான்கைந்து பேராகப் போய், மரியாதையாக, ‘அண்ணே, கிளாஸ்ல குடுங்க’ என்று கேளுங்கள். சத்தம் வேண்டாம், கைகலப்பு வேண்டவே வேண்டாம். ஒரு தள்ளுமுள்ளு போதும், எதிர்வழக்கில் உங்கள் படிப்பு சிக்கிக்கொள்ளும். தேதி, நேரம், யார் ஊற்றியது, பக்கத்தில் யாருக்கு எதில் கொடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். பணம் கட்டிய பதிவை அழிக்காதீர்கள்.

பிறகு காவல் நிலையம். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, வழக்குப் பதிய வேண்டியது அதிகாரியின் கடமை. வேண்டுமென்றே தவறினால் அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவில் அவருக்கே தண்டனை உண்டு. ‘சின்ன விஷயம், பேசி முடிச்சுக்கலாம்’ என்றால் புகாரைத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள். 14566 என்ற வன்கொடுமை உதவி எண்ணில் பதியுங்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கும் ஒரு நகல் போகட்டும்.

ஒரு டீக்கு இத்தனை அலைச்சலா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நாம் கேட்பது சலுகை விலை டீ அல்ல. பக்கத்தில் நிற்பவருக்கு ஊற்றிய அதே கிளாஸில், அதே இடத்தில், அதே மரியாதையோடு ஒரு டீ. அதைத் தர மறுக்கும் கடையைத் தாண்டிப் போய் வேறு கடையில் குடித்தால் நம் தாகம் தீரும். அந்தக் கடைக்கு நாளைக்கு வரும் நம் தங்கைக்கு அதே பேப்பர் கப்தான் நீளும்.