இரண்டு ரூபாய் விருந்தின் விலை

நம் பெருநகர விமான நிலையங்களில் லவுஞ்ச் எனப்படும் ஓய்வுக்கூடங்களின் வாயிலில் இன்று நீண்ட வரிசை நிற்கிறது. நானும் அதில் நின்றவன்தான். உள்ளே இருக்கை கிடைப்பது அரிது; கிடைத்தாலும் ஆறிப்போன இட்லியும் நீர்த்த சாம்பாருமே மிச்சம். அட்டைதாரர்கள் பெருகிவிட்டனர் என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மையே.

1965இல் ஜேம்ஸ் புக்கனன் மன்றங்கள் குறித்து ஒரு பொருளியல் கோட்பாட்டை முன்வைத்தார். உறுப்பினர் பெருகப் பெருகத் தலைக்கான செலவு குறையும்; நெரிசல் மிகும். இரண்டும் சமன்படும் அளவோடு மன்றம் நின்றுவிட வேண்டும். ஓய்வுக்கூடத்தில் அந்த அளவைக் காக்க எவருக்கும் தேவையில்லை. உண்பவர் பல அட்டைகளில் பெயரளவுக்கு 2 ரூபாயே தருகிறார். மீதியைத் தரும் வங்கி அங்கு உண்பதில்லை. நடத்துநருக்கோ தலைக்கு இவ்வளவு என்று வருமானம். கூட்டம் கூடுவதும் தட்டின் செலவு குறைவதும் அவருக்கு ஆதாயம்.

வங்கிக்கு அப்பணம் எங்கிருந்து வருகிறது? ஆண்டுக் கட்டணம், வட்டி ஆகியவற்றோடு, கடனட்டைப் பரிமாற்றங்களுக்கு வணிகர் செலுத்தும் கட்டணத்திலிருந்தும் வருகிறது. வணிகர் அதனைப் பொருளின் விலையில் சேர்த்தால், ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் அதைச் சுமக்கிறார். விமானமே ஏறாத ஒருவர் நம் காலை உணவுக்குப் பங்களிக்கிறார்.

வங்கிகள் விதிக்கும் காலாண்டுச் செலவு வரம்பு இதற்குத் தீர்வன்று. அது மேலும் செலவழிக்கவே தூண்டும். உண்பவரே உரிய விலையைத் தரட்டும். வரிசை குறையும், சாம்பாரும் கெட்டிப்படும்.