ஊசிக்குப் பின் கண் சிவந்தால் சொல்லுங்கள்

தடுப்பூசி போட்டபின் கண்ணில் அழற்சி வருமா? இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் இரண்டு பதில்கள்தாம் கிடைக்கின்றன. ஒன்று, "அப்படியெல்லாம் வராது, பேசாம இரு." மற்றது, "அதுக்குத்தான் சொன்னேன், ஊசியே வேணாம்." மஹய்யாவயில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பதில்களுமே பிழை என்பதுதான் என் கருத்து.

முதலில் உண்மை என்னவென்று பார்ப்போம். விஞ்ஞானப் பாடத்தில் கண்ணின் படம் வரைந்து கதிராளியைக் குறித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கதிராளியும் அதோடு சேர்ந்த நடுப்படையும் அழற்சியடைவதை வைத்தியர்கள் யுவைட்டிஸ் என்கிறார்கள். கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசும், பார்வை மங்கும். நேரத்தோடு மருந்து போட்டால் பெரும்பாலும் கட்டுப்படும். கவனிக்காமல் விட்டால் பார்வையே பாதிக்கப்படலாம்.

தடுப்பூசிக்குப் பின் இது வந்ததாக உலகில் அறிக்கைகள் உண்டு. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் மூன்று பெரிய பதிவேடுகளைத் தேடிப் பார்த்தார்கள். 26 ஆண்டுகளில் 289 பேரின் விபரம் கிடைத்தது. பாதிப் பேருக்கு ஊசி போட்டு ஏறத்தாழ 16 நாட்களுக்குள் அறிகுறி தொடங்கியிருந்தது. அந்த 26 ஆண்டுகளில் உலகில் போடப்பட்ட ஊசிகளோ கோடிக்கணக்கானவை.

இந்த 289ஐ இரண்டு பக்கமும் வளைக்காமல் வாசிக்க வேண்டும். எல்லோரும் அறிவிப்பதில்லை, ஆகவே உண்மையான தொகை கூடவாக இருக்கலாம். அதேவேளை, ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததும் அல்ல. யுவைட்டிஸ் ஊசி போடாதவர்களுக்கும் வருகிறது. "பின்" என்பதும் "ஆல்" என்பதும் தமிழில் சின்னச் சொற்கள்தாம். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் ஒரு வதந்தி பிறந்துவிடும். எது எதுவென்று பிரித்தறிய ஒரே வழி, நடந்ததைச் சொல்வதும் அதைப் பதிந்து ஆராய்வதும்தான்.

சொன்னதால் என்ன நடந்தது என்பதற்குக் கனடா நல்ல உதாரணம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே இன்புளுவென்சா தடுப்பூசி போட்ட பலருக்கு 24 மணித்தியாலங்களுக்குள் இரண்டு கண்களும் சிவந்தன. சிலருக்கு இருமலும் மூச்சுவிடச் சிரமமும் முக வீக்கமும் வந்தன. பெரும்பாலானோருக்கு இரண்டு நாட்களில் சுகமாகிவிட்டது. இருந்தும் மக்கள் அறிவித்தார்கள், அதிகாரிகள் தேடினார்கள். குறிப்பிட்ட ஒரு தயாரிப்பில் வைரஸ் துணிக்கைகள் சரியாகப் பிரியாமல் திரண்டிருந்தமை சந்தேகத்துக்கு உள்ளானது. தயாரிப்பு முறையை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு முறைப்பாடுகள் குறைந்தன. "சின்னச் சிவப்புத்தானே" என்று எல்லோரும் வாயை மூடியிருந்தால் அந்த மாற்றம் வந்திருக்காது.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 2008இல் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி அறிமுகமாகிச் சில மாதங்களில் குழந்தை மரணங்கள் அறிவிக்கப்பட்டதும் அதை நிறுத்தினார்கள். நிபுணர்கள் ஆராய்ந்து, ஊசிதான் காரணம் என்று காட்ட ஆதாரமில்லை எனக் கண்டபின் 2010இல் மீண்டும் தொடங்கினார்கள். 2023இல் நடந்தது தடுப்பூசி அல்ல, கண்மருந்து. சத்திரசிகிச்சைக்குப் பின் இறக்குமதி செய்யப்பட்ட ஸ்டீரொயிட் சொட்டு மருந்து விட்ட 30இற்கும் மேற்பட்டோருக்குக் கண்ணில் கடும் தொற்று ஏற்பட்டது. ஒரே மருந்து, ஒரே மாதிரியான பாதிப்பு என்று கவனித்ததால்தான் அது நிறுத்தப்பட்டது.

"அப்படியென்றால் ஊசியே போடாமல் இருந்தால் பாதுகாப்புத்தானே?" என்று சில உம்மாமார் கேட்பார்கள். கண்ணை வைத்தே பதில் சொல்கிறேன். 1941இல் சிட்னியின் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் பலரைக் கண்டார். அவர்களின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்திருந்தது. இலங்கையில் 1996இல் பெண்களுக்கு ருபெல்லா தடுப்பூசி தொடங்கியது. 2020இல் இந்நாடு ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. எத்தனையோ குழந்தைகளின் பார்வையைக் காத்தது ஓர் ஊசிதான்.

2017 முதல் 6ஆம் தர மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி பாடசாலையிலேயே போடப்படுகிறது. அதைப் போட்டால் பிள்ளை பிறக்காது என்ற கதை வட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரமில்லை. ஆனால் அந்தக் கதை பரவ நாமும் இடம் கொடுக்கிறோம். "ஒன்றுமே வராது" என்று மட்டும் சொல்லப்பட்ட பிள்ளைக்குக் கை வீங்கினாலும் தலை சுற்றினாலும், அவள் அடுத்தமுறை உண்மையைச் சொல்பவரையும் நம்பமாட்டாள்.

ஆகவே மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள்கள்.

பெற்றோரே, ஊசி போட்ட சில வாரங்களுக்குள் பிள்ளையின் கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் காத்திருக்க வேண்டாம். கண்டி தேசிய வைத்தியசாலை நமக்குத் தூரமில்லை. வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தையோ பாமசியில் கேட்டு வாங்கியதையோ விடாதீர்கள். சில கண் தொற்றுகளை ஸ்டீரொயிட் மருந்து இன்னும் மோசமாக்கும். எந்த ஊசி, எந்தத் திகதி என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அறிவியுங்கள். அதைப் பதிவதற்கு அங்கே ஒழுங்கு இருக்கிறது.

ஊசி போட வரும் உத்தியோகத்தர்களே, சம்மதப் படிவத்தோடு, வரக்கூடிய பக்கவிளைவுகளையும் யாரிடம் அறிவிப்பது என்பதையும் எளிய தமிழில் ஒரு தாளில் தாருங்கள். பிள்ளை சொல்வதைச் சிரித்துத் தள்ளாதீர்கள்.

தங்கைமாரே, வாப்பா பயப்படுவார், அடுத்த ஊசிக்கு விடமாட்டார் என்று எண்ணி வலியை மறைக்காதீர்கள். கண் நமக்குத் தரப்பட்ட அமானிதம். வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. குரூப்பில் போடுவதற்கு முன் வைத்தியரிடம் போய்ச் சொல்லுங்கள். உங்கள் ஒரு முறைப்பாடு இன்னொரு பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றலாம்.