பூங்காவிலும் பூஜாங்கிலும் கைவைக்க வேண்டாம்: எங்கள் நிலைப்பாடு

வருமானம் போதவில்லை என்றதும் நகராண்மைக் கழகங்களின் கத்தரி முதலில் விழுவது புல்வெட்டும் குத்தகை, பூங்கா விளக்கு, பொதுக் கழிப்பறை, மரபுப் பணி ஆகியவற்றின் மேல்தான். சம்பளத்தைக் குறைக்க முடியாது, குப்பை அள்ளுவதை நிறுத்த முடியாது, பூங்காவுக்காகக் குரல் கொடுக்க யாரும் வரப்போவதில்லை என்பது கணக்கு. திகாம் பத்து, சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத்தில் வாழும் நாங்கள் இந்தக் கணக்கை ஏற்கவில்லை.

தோட்டத்தில் இருந்தவரை நம் பிள்ளைகளுக்குக் கோயில் திடலும் பந்துத் திடலும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. லயன் வீட்டை விட்டு வந்த குடும்பங்கள் பலவும் மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறின. அங்கே முற்றம் என்று ஒன்று கிடையாது. சுங்கைப் பட்டாணி ஜூப்ளி பெராக் பூங்கா போன்ற பொது இடங்கள்தான் இவர்களின் முற்றம். புல் வெட்டாமல் விட்டால் மிச்சமாகும் பணம் வேறு வழியில் செலவாகிவிடும். புதரில் கிடக்கும் டப்பாவிலும் டயரிலும் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும். பிறகு புகையடிக்கவும் டிங்கி நோயாளிகளைப் பார்க்கவும் பொதுப் பணம்தானே போக வேண்டும்?

மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு தொல்லியல் அருங்காட்சியகம் மத்திய அரசின் அருங்காட்சியகத் துறையைச் சேர்ந்தது. ஆனால் அதைச் சூழ்ந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி முடிவு செய்வது உள்ளாட்சி மன்றம். ஆகவே காக்கும் பொறுப்பு புத்ராஜெயாவோடு நின்றுவிடுவதில்லை.

1930-களில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் இப்பள்ளத்தாக்கில் அகழாய்வு நடத்தினார்கள். அதன் பிறகு அலஸ்டைர் லாம்ப் புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தை ஆராய்ந்து மீட்டமைத்தார். வேறு இடங்களில் கிடைத்த கட்டட எச்சங்கள் சில அருங்காட்சியக வளாகத்துக்கே கொண்டுவரப்பட்டு மறுபடி அடுக்கப்பட்டன. இராசேந்திரச் சோழன் வென்றதாகக் கல்வெட்டு சொல்லும் கடாரம் இந்தக் கெடாதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சோழன் பெயர் வருவதால் மட்டும் நாங்கள் இதைப் பேசவில்லை. பௌத்தரும் இந்து சமயத்தாரும் கடல்கடந்து வந்த வணிகரும் இம்மண்ணில் வாழ்ந்ததற்கான சாட்சி அங்கே இருக்கிறது. அது மலேசியர் எல்லாருக்கும் உரியது.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2013-இல் பார்த்தோம். சுங்கை பத்துவில் 11 என எண்ணிடப்பட்ட கோயிலின் எச்சம் வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளப்பட்டது. தனியார் நிலம், அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்று விளக்கம் வந்தது. விளக்கத்தால் ஒரு செங்கல்கூடத் திரும்பி வரவில்லை. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் கையில் இருந்தும் இழந்தோம் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். 2023 செப்டம்பரில் கையிருப்பு தீர்ந்துவிட்டதாக அறிவித்த பிர்மிங்காம் நகர மன்றம், கலை அமைப்புகளுக்கான மானியத்தை முதலில் பாதியாக்கி, அடுத்த ஆண்டு முற்றாக நிறுத்த முடிவெடுத்தது. ஆனால் அங்குள்ள மக்கள் தங்கள் மன்ற உறுப்பினரைத் தேர்தலில் கேள்வி கேட்கலாம். இங்கே 1965-இல் நிறுத்திய உள்ளாட்சித் தேர்தல் இன்னும் திரும்பவில்லை. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அதனால் வரவுசெலவுத் திட்டம் வெளிப்படையாக இருப்பது நமக்கு இன்னும் அவசியம்.

பூங்காப் பராமரிப்பிலும் மரபுப் பணியிலும் எந்தக் குறைப்பையும், அதன் தொகையையும் காரணத்தையும் மக்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் செய்யக்கூடாது. பூஜாங் பள்ளத்தாக்கில் எந்த மேம்பாட்டுக்கும் அனுமதி கொடுக்கும் முன் அருங்காட்சியகத் துறையின் எழுத்துபூர்வமான கருத்தைப் பெற வேண்டும். எஞ்சியுள்ள தொல்லியல் இடங்களை மாநில அரசு தாமதமின்றி அரசிதழில் அறிவிக்க வேண்டும்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மதிப்பீட்டு வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் இதைக் கேட்க உரிமை உண்டு. அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் தயாராகும் முன்பே உங்கள் பகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். பெயரும் முகவரியும் போட்டே எழுதுங்கள்.