யாரை நம்பி வேலையை ஒப்படைப்பது?

மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். சொந்தத் தொழில் தொடங்க எண்ணுகிறாராம். அதற்கான கைபேசிச் செயலியை அமைத்துத் தரக் கணினி வல்லுநர் குழு ஒன்று முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறதாம். அவருக்கோ அத்துறையில் பயிற்சி இல்லை. பணமும் தாயாரின் நகையை அடகு வைத்துப் பெற வேண்டியது. கொடுக்கலாமா என்று வினவுகிறார்.

ரயில்வேயில் கணக்கெழுதும் நாம் கணினி நுணுக்கம் பேசுவது அழகன்று. ஆயினும், நம் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த வரலாறு அவருக்குப் பயன்படும்.

சென்ற நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில், நம் பாட்டனார்கள் இறங்கிய சுரங்கங்களில் இயந்திரங்கள் நீராவியால் ஓடின. எரிபொருட் செலவோ மிகுதி. சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து 92 மைல் தொலைவிலுள்ள இவ்விடத்திற்கு அனுப்ப மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் முனைந்தார். அவர் சட்டம் பயின்றவர், மின்பொறி அறிந்தவரல்லர். ஆயினும் இயந்திரம் விற்பவரையே யோசனை கேட்டு அமர்ந்துவிடவில்லை. (நம்மவர் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம்!) மைசூர் அரசின் பணியிலிருந்த பொறியாளர் லாட்பினியர் மேனாடுகளுக்குச் சென்று, ஆங்கே ஓடிக்கொண்டிருந்த மின்நிலையங்களை நேரிற் கண்டு வந்தார். நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்திடமும், மின்பொறிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடமும் வாங்கப்பெற்றன. மின்சாரத்தை வாங்கிக்கொள்ளச் சுரங்க நிர்வாகிகளான ஜான் டெய்லர் கம்பெனியாருடன் உடன்படிக்கையும் செய்யப்பட்டது. தொடக்கத்தில் ஆறு மின்னாக்கிகளே. தேவை பெருகிய பின்னரே நிலையம் விரிந்தது.

1902 ஜூன் 30இல் மின்சாரம் இங்கு வந்தது. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்! திவான் அவர்கள் இதைக் காணவில்லை, 1901இலேயே மறைந்துவிட்டார்.

அன்பருக்கு நாம் கூறுவது இதுவே. அக்குழுவோடு தொடர்பில்லாத, விஷயமறிந்த ஒருவரை முதலில் தம் பக்கத்தில் வைத்துக்கொள்க. அக்குழு முன்பு முடித்துக் கொடுத்த வேலைகளை அவரைக் கொண்டு பார்க்கச் செய்து, அவற்றை வாங்கியவர்களிடமும் விசாரிக்க. பணத்தை வேலை முடிய முடியத் தவணையாகவே தருக. செயலியின் மூல நிரலும் கணக்குகளும் தம் பெயரில் இருக்குமென்று எழுதி வாங்குக. பழுது நேர்ந்தால் எவர், எத்தனை நாளில் சீர்செய்வார் என்பதும் அத்தாளிலேயே இருத்தல் வேண்டும். இவற்றுக்கு இணங்காதவர்க்காக நகையைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டா.

பெங்களூரில் கணினிப் பணியிலுள்ள நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வருகின்றனர். அன்பர் ஒப்பந்தத் தாளுடன் சங்கத்திற்கு வருவாராயின், அவர்களில் ஒருவரை உடனிருந்து படித்துப் பார்க்கச் சொல்லுவோம்.