அறிவியலுக்கு அயன்மொழி எதற்கு?

தமிழில் அறிவியல் அடங்காது என்பார் சற்றே எண்ணுக! 1648இல் பாசுகல் தம் தமக்கை கணவரை இதள் (பாதரசம்) நிறைத்த குழாயுடன் பூய் தெ தோம் மலைமேல் ஏறச் செய்தார். ஏற ஏற இதள்மட்டம் இறங்கிற்று. காற்றின் அழுத்தம் மேலே குறைவதென்பது மெய்ப்பட்டது. அப்பேருண்மையை, அன்று அறிஞர் மொழியாயிருந்த இலத்தீனிலா வெளியிட்டார்? தாய்மொழியாம் பிரெஞ்சிலன்றோ வெளியிட்டார்! இன்று அழுத்தத்தின் அலகே அவர் பெயர்.

ஓரலகுப் பரப்பின்மீது செங்குத்தாய்ச் செயற்படும் விசையே அழுத்தம். கணக்கிலும் அஃதே: எவ்வெண்ணை இட்டாலும் பொய்க்காத சமன்பாடு முற்றொருமை; (அ+ஆ)² = அ²+2அஆ+ஆ². இவற்றுள் தமிழுக்கு எட்டாதது எது? குறை மொழியிலில்லை, பொருளுணர்த்தாது ஒலியை மட்டும் நெட்டுருச் செய்விக்கும் அயன்மொழி மயக்கிலேயே உள்ளது. அதனை அறுப்போம்!